ஒரே செயலிக்குள் பல சிப்களுக்கான நிரல்: கோப்பின் அளவு பெருகுவது ஏன், குறைப்பது எப்படி?

கைபேசியில் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை தோன்றியதும் பெரும்பாலானோர் முதலில் அழிப்பது புகைப்படங்களையும் காணொலிகளையும்தான். ஆனால், அந்தக் கருவியில் ஒருபோதும் இயங்க முடியாத நிரல்களும் சில நேரங்களில் அதே சேமிப்பிடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பல வகைச் சிப்களுக்காகத் தயாரிக்கப்பட்ட நிரல்களை ஒரே கோப்பில் அடைத்து வழங்கும் முறையே இதற்குக் காரணம். இந்த முறை எப்படித் தோன்றியது, அதனால் கூடும் எடையைக் குறைக்க உள்ள வழிகள் என்ன, எதைக் குறைத்தால் எது பழுதாகும் என்பன பற்றிய விளக்கத் தொகுப்பு இது.

ஒரே மூலநிரல், வெவ்வேறு இயந்திர மொழி

மென்பொருளாளர்கள் எழுதும் மூலநிரலை எந்தச் சிப்பும் நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. கம்பைலர் என்னும் தொகுப்பு மென்பொருள் அதனை இயந்திர மொழிக்கு மாற்றித் தருகிறது. இவ்வாறு கிடைக்கும் கோப்பே பைனரி எனப்படுகிறது.

இயந்திர மொழி எல்லாச் சிப்களுக்கும் பொதுவானதன்று. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் கணினிச் சிப்கள் எக்ஸ்86 என்ற கட்டமைப்பைப் பின்பற்றுகின்றன. பெரும்பாலான கைபேசிகளும், 2020-க்குப் பின் வந்த ஆப்பிள் கணினிகளும் ஆர்ம் கட்டமைப்பைப் பின்பற்றுகின்றன. இவ்விரண்டிலும் 32 பிட், 64 பிட் என்ற உட்பிரிவுகள் உண்டு. ஒன்றுக்காகத் தொகுக்கப்பட்ட பைனரி மற்றொன்றில் நேரடியாக இயங்காது.

எனவே, பல வகைக் கருவிகளுக்கு ஒரு மென்பொருளை வழங்க விரும்பும் நிறுவனத்துக்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனிக் கோப்பை வழங்கி, தமக்கு உரியதைப் பயனரே தேர்ந்தெடுக்கச் செய்வது ஒரு வழி. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடைத்து, உரிய பகுதியை இயங்குதளமே தேர்ந்தெடுக்கச் செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழி பயனருக்கு எளிது. ஆனால் கோப்பின் அளவு பெருகிவிடுகிறது. மென்பொருள் துறையினர் இத்தகைய கோப்பைக் கொழுத்த பைனரி என்றே குறிப்பிடுகின்றனர்.

முப்பது ஆண்டு வரலாறு

இம்முறைக்குப் பரவலான வடிவம் கொடுத்தவை ஸ்டீவ் ஜாப்ஸ் நிறுவிய நெக்ஸ்ட் நிறுவனமும் ஆப்பிள் நிறுவனமும் ஆகும். நெக்ஸ்ட் நிறுவனத்தின் இயங்குதளம் தொடக்கத்தில் மோட்டரோலாவின் 68000 வரிசைச் சிப்களில் மட்டுமே இயங்கியது. 1993-இல் இன்டெல் சிப்களுக்கும், பின்னர் எச்பி, சன் நிறுவனங்களின் சிப்களுக்கும் அது விரிவடைந்தது. அப்போது நான்கு கட்டமைப்புகளுக்கான நிரல்களையும் ஒரே கோப்பில் அடைத்து வழங்க முடிந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1994-இல் ஆப்பிள் தனது மேக் கணினிகளை மோட்டரோலா 68000 வரிசையிலிருந்து பவர்பிசி சிப்களுக்கு மாற்றியது. பழைய கணினி, புதிய கணினி இரண்டிலும் இயங்கும் வகையில் இரட்டை நிரல் கொண்ட கோப்புகள் அப்போது வெளியாயின. ஆப்பிள் நிறுவனம் நெக்ஸ்ட்டை வாங்கிய பிறகு, நெக்ஸ்ட் உருவாக்கிய கோப்பு வடிவமே மேக் இயங்குதளத்தின் அடிப்படையாயிற்று.

பவர்பிசியிலிருந்து இன்டெல்லுக்கு மாறப்போவதாக 2005 ஜூன் மாதத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தபோது இம்முறை யுனிவர்சல் பைனரி என்ற புதுப்பெயரில் மீண்டும் முன்னுக்கு வந்தது. 2020-இல் இன்டெல்லிலிருந்து ஆப்பிள் தனது சொந்த எம்1 சிப்புக்கு மாறியபோது யுனிவர்சல் 2 என்ற பெயரில் மூன்றாம் முறையாகப் பயன்பட்டது. இன்டெல் மேக் கணினிகளை ஆதரிக்கும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 என 2025 ஜூன் மாதத்தில் ஆப்பிள் அறிவித்துள்ளது. ஆகவே இன்றைய யுனிவர்சல் கோப்புகளில் உள்ள இன்டெல் பகுதியும் படிப்படியாக விடைபெறும்.

சிப் மாறும் ஒவ்வொரு காலகட்டத்திலும் கோப்புகள் பருப்பதும், மாற்றம் நிறைவுற்றதும் இளைப்பதும் இவ்வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது.

கோப்பின் உள்ளே இருப்பது என்ன?

ஆப்பிளின் யுனிவர்சல் கோப்பு பல தனிக் கோப்புகளை அடுக்கி வைத்த பெட்டி போன்றது. அதன் தொடக்கத்தில் 8 பைட் அளவிலான தலைப்பு உள்ளது. இது யுனிவர்சல் கோப்பு என்பதற்கான அடையாள எண்ணும், உள்ளே எத்தனை கட்டமைப்புகள் உள்ளன என்ற எண்ணிக்கையும் அதில் இருக்கும். அதையடுத்து ஒவ்வொரு கட்டமைப்புக்கும் 20 பைட் அளவிலான குறிப்பு வருகிறது. எந்தச் சிப்புக்கானது, கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பவை அக்குறிப்பில் பதிவாகியிருக்கும். அதன்பின் முழுமையான பைனரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும்.

ஒவ்வொரு பகுதியும் நினைவகப் பக்கத்தின் எல்லையில் தொடங்க வேண்டும் என்பதால் இடையே சிறிது வெற்றிடம் விடப்படுகிறது. ஆர்ம் மேக் கணினிகளில் இவ்வெல்லை 16 கேபி ஆகும். ஆகவே பெட்டியாக அடுக்குவதால் கூடும் எடை சில பத்து கேபி மட்டுமே. அளவு பெருகுவதற்கான உண்மையான காரணம், முழு நிரலும் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ஒரு முறை திரும்ப இடம்பெறுவதுதான்.

கோப்பு பெரிதாக இருப்பதால் கணினியின் வேகம் குறையும் என்ற கருத்து சரியன்று. செயலியைத் திறக்கும்போது, தலைப்பைப் படித்து உரிய பகுதியை மட்டுமே இயங்குதளம் நினைவகத்தில் ஏற்றுகிறது. மற்றப் பகுதி வட்டில் உறங்கிக் கிடக்கிறது. ஆகவே இழப்பு சேமிப்பிடத்திலும் பதிவிறக்க டேட்டாவிலும்தான். ரேம் நினைவகத்தில் அன்று.

எண்களில் ஒரு விளக்கம்

ஓர் ஆண்ட்ராய்டு செயலியில் படங்கள், எழுத்துருக்கள் போன்ற பொதுவான உள்ளடக்கம் 30 எம்பி என்றும், ஒவ்வொரு கட்டமைப்புக்குமான இயந்திர நிரல் 25 எம்பி என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 32 பிட் ஆர்ம், 64 பிட் ஆர்ம், 32 பிட் எக்ஸ்86, 64 பிட் எக்ஸ்86 ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் அடைத்தால் மொத்தம் 130 எம்பி ஆகும். இரண்டு ஆர்ம் பகுதிகளை மட்டும் வைத்தால் 80 எம்பி. பயனரின் கைபேசிக்கு உரிய ஒன்றை மட்டும் அனுப்பினால் 55 எம்பி போதும். அதாவது ஏறத்தாழ 58 சதவீதம் மிச்சமாகிறது.

கைபேசிகளில் எக்ஸ்86 சிப்கள் இன்று மிக அரிது. ஆயினும் கணினியில் இயங்கும் சோதனைக் கருவிகளுக்காகவும் சில குரோம்புக் மடிக்கணினிகளுக்காகவும் அந்தப் பகுதிகள் தயாரிக்கப்படுகின்றன. அவை பொதுக் கோப்பிலேயே தங்கிவிடும்போது அந்த எடையைச் சாதாரணப் பயனரும் சுமக்க நேர்கிறது.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

கூகுள் நிறுவனம் தனது ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை 2014 செப்டம்பரில் உலகிலேயே முதலாவதாக இந்தியாவில் தொடங்கியது. 6,399 ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்த அக்கைபேசிகளின் உள் சேமிப்பிடம் 4 ஜிபி மட்டுமே. இயங்குதளத்துக்குப் போக எஞ்சிய இடம் அதைவிடவும் குறைவு. அதன்பின், 1 ஜிபி அல்லது அதற்குக் குறைவான ரேம் கொண்ட கைபேசிகளுக்கான ஆண்ட்ராய்டு கோ பதிப்பை 2017 டிசம்பரில் புதுடெல்லியில் நடந்த நிகழ்ச்சியில் கூகுள் வெளியிட்டது.

செயலியின் அளவு அதன் பரவலையும் பாதிக்கிறது. ஆண்ட்ராய்டு செயலியின் கோப்பு 6 எம்பி கூடும் ஒவ்வொரு முறையும், அதை நிறுவி முடிப்போரின் விகிதம் 1 சதவீதம் குறைவதாக கூகுள் 2017-இல் தெரிவித்தது. வங்கிச் சேவை, ரயில் முன்பதிவு, அரசு நலத்திட்டம் போன்றவை செயலி வழியே நடைபெறும் நாட்டில், நிறுவ முடியாத செயலி என்பது பெற முடியாத சேவையாக மாறிவிடுகிறது.

ஆண்ட்ராய்டு கண்ட தீர்வு

ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே கோப்பு அடிப்படையில் ஒரு ஜிப் கோப்பாகும். அதனுள் கட்டமைப்புக்கு ஒன்றாகத் தனித்தனி அடைவுகள் இருக்கும். முன்னர் மிப்ஸ் என்ற கட்டமைப்புக்கும் இடம் இருந்தது. 2018-இல் கூகுளின் தொகுப்புக் கருவிகளிலிருந்து அது நீக்கப்பட்டது.

தொடக்கத்தில், ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனி ஏபிகே தயாரித்து, வெவ்வேறு பதிப்பு எண்களுடன் மென்பொருளாளர்களே பதிவேற்ற வேண்டியிருந்தது. வேலைச்சுமை கருதிப் பலரும் எல்லாவற்றையும் அடைத்த ஒரே பொதுக் கோப்பை வெளியிட்டனர். இந்நிலையை மாற்ற, 2018-இல் ஆப் பண்டில் என்ற முறையை கூகுள் அறிமுகம் செய்தது. இதன்படி மென்பொருளாளர் அனைத்தையும் ஒரே தொகுப்பாகப் பதிவேற்றுவார். பயனரின் கைபேசிக்கு உரிய கட்டமைப்பு, திரை அடர்த்தி, மொழி ஆகியவற்றை மட்டும் பிரித்தெடுத்து பிளே ஸ்டோர் அனுப்பும். பொது ஏபிகே கோப்புடன் ஒப்பிடுகையில் இதனால் சராசரியாக 15 சதவீத அளவு குறைவதாக கூகுள் தெரிவித்தது. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகளுக்கு இம்முறை கட்டாயமாக்கப்பட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. பிரித்தெடுக்கப்பட்ட கோப்புகளில் கையொப்பமிடுவது பிளே ஸ்டோரின் பணியாகிவிடுவதால், கையொப்பத் திறவுகோல் கூகுளிடம் இருக்க வேண்டியுள்ளது. திறவுகோலைத் தம்மிடமே வைத்திருக்க விரும்பும் திறமூல மென்பொருளாளர்கள் சிலர் இதனை விமர்சித்துள்ளனர்.

சுருக்காமல் வைத்தால் இடம் மிச்சம்

ஏபிகே கோப்பில் இயந்திர நிரலைச் சுருக்கி வைத்தால் கோப்பு சிறிதாகத் தோன்றும். ஆனால் நிறுவும்போது அதனை விரித்து மற்றோரிடத்தில் எழுத வேண்டியிருக்கும். அதனால் கைபேசியில் சுருங்கிய படி ஒன்றும், விரிந்த படி ஒன்றும் என இரண்டும் தங்கிவிடுகின்றன.

ஆண்ட்ராய்டு 6 பதிப்பு முதல், நிரலைச் சுருக்காமல், பக்க எல்லையில் பொருத்தி ஏபிகே கோப்பினுள் வைத்தால், அங்கிருந்தே நேரடியாக இயக்க முடியும். ஏபிகே கோப்பு பெரிதானாலும் கைபேசியில் அடையும் மொத்த இடம் குறைகிறது. பதிவிறக்கத்தின்போது பிளே ஸ்டோர் தனியே சுருக்கி அனுப்புவதால் டேட்டா செலவும் அதிகம் கூடுவதில்லை. பதிவிறக்க அளவு, நிறுவிய பின் உள்ள அளவு ஆகிய இரண்டும் வெவ்வேறானவை என்பதை இது உணர்த்துகிறது.

32 பிட் பகுதியை நீக்கலாமா?

அளவைக் குறைக்க விரும்பும் நிறுவனங்களுக்கு 32 பிட் பகுதியை அடியோடு நீக்கிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். இயந்திர நிரல் கொண்ட செயலிகள் 64 பிட் பதிப்பையும் கட்டாயம் வழங்க வேண்டும் என்ற விதியை பிளே ஸ்டோர் 2019 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் 32 பிட் பதிப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த விதியின் பொருளன்று.

குறைந்த விலைக் கைபேசிகளில், சிப் 64 பிட் திறன் கொண்டதாக இருந்தாலும், ரேமைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்காக 32 பிட் இயங்குதளமே நிறுவப்பட்டிருப்பதுண்டு. அவற்றில் 64 பிட் நிரல் இயங்காது. 32 பிட் பகுதி நீக்கப்பட்டால், அக்கைபேசியின் உரிமையாளருக்கு பிளே ஸ்டோரில் அந்தச் செயலி தனது கருவிக்குப் பொருந்தாது என்றே காட்டப்படும். சேமிப்பிடம் குறைவான எளிய பயனருக்கு உதவும் எனக் கருதி எடுக்கப்படும் நடவடிக்கை, அதே பயனரை வெளியேற்றிவிடும் அபாயம் இதில் உள்ளது. ஆப் பண்டில் முறையில் 32 பிட் பகுதியை வைத்திருப்பதால் 64 பிட் பயனருக்கு ஒரு பைட் கூடக் கூடுதல் சுமை இல்லை என்பதால், பிளே ஸ்டோர் வழியே வழங்கப்படும் செயலியில் அளவைக் காரணம் காட்டி அதனை நீக்கத் தேவை இல்லை.

ஐபோனில் பின்பற்றப்படும் முறை

2015-இல் வெளியான ஐஓஎஸ் 9 பதிப்புடன் ஆப்பிள் நிறுவனமும் இதே போன்ற முறையைக் கொண்டுவந்தது. கருவிக்குத் தேவையான பகுதியை மட்டும் ஆப் ஸ்டோர் வெட்டி அனுப்புகிறது. 2017-இல் ஐஓஎஸ் 11 பதிப்புடன் 32 பிட் செயலிகளுக்கான ஆதரவே முடிவுக்கு வந்ததால் அந்தப் பகுதியும் தேவையற்றதாயிற்று. நிரலை இடைநிலை வடிவில் பெற்று ஆப் ஸ்டோரே தொகுத்துத் தரும் பிட்கோடு என்ற முறையும் 2015-இல் ஐஓஎஸ் 9 பதிப்புடன் அறிமுகமானது. எனினும் 2022-இல் அம்முறை கைவிடப்பட்டது.

ஐபோன் செயலி உருவாக்குவோர் நீண்டகாலமாகச் சந்தித்த மற்றொரு சிக்கலும் இதனோடு தொடர்புடையது. பிறரிடமிருந்து பெறும் நிரலகங்களில், உண்மையான ஐபோனுக்கான பகுதியுடன், மேக் கணினியில் சோதித்துப் பார்ப்பதற்கான இன்டெல் பகுதியும் சேர்ந்தே வரும். அதனை நீக்காமல் பதிவேற்றினால் ஆப் ஸ்டோர் ஏற்க மறுத்துவிடும். மேக் கணினிகளே ஆர்ம் சிப்புக்கு மாறிய பிறகு சிக்கல் மேலும் கூடியது. ஐபோனுக்கான ஆர்ம் 64 பகுதி, மேக்கில் இயங்கும் சோதனைக் கருவிக்கான ஆர்ம் 64 பகுதி ஆகிய இரண்டும் ஒரே பெயர் கொண்டவை என்பதால் ஒரே யுனிவர்சல் கோப்பில் இடம்பெற இயலாது. 2019-இல் அறிமுகமான எக்ஸ்சிஃபிரேம்வொர்க் என்ற வடிவம் ஒவ்வொன்றையும் தனி அடைவில் வைத்து, தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளச் செய்து இச்சிக்கலைத் தீர்த்தது.

மேக் கணினியில் வெட்டிக் குறைப்பது

மேக் கணினிகளில் யுனிவர்சல் கோப்புகளைக் கையாள லிப்போ என்ற கட்டளைக் கருவி உள்ளது. கோப்பில் எந்தெந்தக் கட்டமைப்புகள் உள்ளன என்று காட்டுவது, தேவையான ஒன்றை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்தெடுப்பது, தேவையற்றதை நீக்குவது, தனிக் கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது ஆகிய பணிகளை அது செய்கிறது. இதே வேலையைப் பொத்தானை அழுத்திச் செய்துதரும் மென்பொருள்களும் கிடைக்கின்றன.

நிறுவப்பட்ட செயலிகளில் சாதாரணப் பயனர் இதைச் செய்வதற்கு முன் சிலவற்றைக் கருத வேண்டும்.

முதலாவது, துணைச் செருகிகள். இசை, ஒளிப்படத் துறைகளில் பயன்படும் சில செருகிகள் இன்றும் இன்டெல் வடிவில் மட்டுமே உள்ளன. அவற்றைப் பயன்படுத்த, முதன்மைச் செயலியையும் ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு அமைப்பின் வழியே இன்டெல் வடிவில் திறக்க வேண்டும். இன்டெல் பகுதியை நீக்கிவிட்டால் அந்தச் செருகிகள் பயன்படாமல் போகும்.

இரண்டாவது, டிஜிட்டல் கையொப்பம். ஆப்பிள் சிப் கொண்ட மேக் கணினிகளில், கையொப்பம் இல்லாத அல்லது கையொப்பம் பொருந்தாத ஆர்ம் நிரலை இயங்குதளம் இயங்கவிடாது. லிப்போ ஒரு பகுதியை அப்படியே பிரித்தெடுக்கும்போது அதனுள் பதிந்த கையொப்பம் மாறுவதில்லை. ஆனால் அப்பகுதியின் உள்ளடக்கத்தையே மாற்றும் பிற குறைப்புகள் கையொப்பத்தைச் செல்லாததாக்கிவிடும்.

மூன்றாவது, புதுப்பிப்பு. மாற்றப்பட்ட பகுதியை மட்டும் அனுப்பும் புதுப்பிப்புகள், கோப்பு முன்பிருந்தபடியே இருக்கும் என்ற நம்பிக்கையில் தயாரிக்கப்படுகின்றன. வெட்டப்பட்ட கோப்பில் அவை பொருந்தாமல் போகலாம். முழுப் புதுப்பிப்பு வந்தால், நீக்கிய பகுதியும் திரும்ப வந்துவிடும்.

தொகுக்கும் கட்டத்திலேயே குறைக்கும் வழிகள்

பல்கட்டமைப்புக் கோப்பில் ஒரு சிறப்பு உண்டு. ஒரு கட்டமைப்பில் குறையும் ஒவ்வொரு எம்பியும் மற்றக் கட்டமைப்புகளிலும் குறைகிறது. எனவே தொகுக்கும் கட்டத்தில் எடுக்கும் முயற்சிக்கு இங்குப் பலன் பன்மடங்கு.

பிழைதிருத்தத் தகவலை நீக்குதல்: நிரலில் பிழை நேர்ந்தால் எந்த வரியில் நேர்ந்தது என்று கண்டறிய உதவும் பெயர்களும் குறிப்புகளும் பைனரியில் இடம்பெற்றிருக்கும். பல நேரங்களில் இவை உண்மையான நிரலைவிடப் பெரியவை. ஸ்டிரிப் என்ற கருவி இவற்றை நீக்குகிறது. நீக்குவதற்கு முன் அத்தகவலைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைப்பது கட்டாயம். இல்லையெனில், பயனரின் கருவியில் செயலி முடங்கும்போது வரும் அறிக்கைகள் வெறும் எண்களாகவே இருக்கும்.

பயன்படாத நிரலை நீக்குதல்: ஒவ்வொரு செயற்கூறையும் தனிப் பிரிவாகத் தொகுத்தால், எங்கும் அழைக்கப்படாதவற்றை லிங்கர் என்னும் இணைப்பு மென்பொருள் விலக்கிவிடும். நிரல் முழுவதையும் ஒருசேர ஆராயும் இணைப்புநேர மேம்பாடு என்ற முறை இதனை மேலும் கூர்மையாக்குகிறது. ஒரே மாதிரியான செயற்கூறுகளை ஒன்றாக மடிக்கும் வசதியும் சில லிங்கர்களில் உண்டு.

அளவுக்கு முன்னுரிமை: வேகம், அளவு ஆகிய இரண்டில் எதற்கு முன்னுரிமை என்று கம்பைலருக்குச் சொல்ல முடியும். அளவைத் தேர்ந்தால் வேகம் சற்றுக் குறையலாம். காணொலி விரிப்பு போன்ற கடின வேலை செய்யும் பகுதிகளை வேகத்துக்கும், மற்றவற்றை அளவுக்கும் எனப் பிரித்துத் தொகுப்பது நடைமுறைக்கு ஏற்றது.

தரவை வெளியே வைத்தல்: படங்கள், அட்டவணைகள், அகராதிகள் போன்றவற்றை நிரலுக்குள்ளேயே பதித்தால் அவை ஒவ்வொரு கட்டமைப்பிலும் ஒரு முறை படியெடுக்கப்படும். 5 எம்பி அட்டவணை நான்கு கட்டமைப்புகளில் 20 எம்பி ஆகிவிடும். அதனைத் தனிக் கோப்பாக வெளியே வைத்தால் ஒரே படி போதும்.

இவை அனைத்தும் கையொப்பமிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை. முதலில் குறைப்பு, அடுத்து கையொப்பம், பின்னர் ஒவ்வொரு கட்டமைப்பிலும் தனித்தனிச் சோதனை என்பதே சரியான வரிசை.

சுருக்கம் எந்த அளவுக்கு உதவும்?

ஒரே மென்பொருளின் இரு பகுதிகள் என்பதால் சுருக்கினால் பாதியாகிவிடும் என்று நினைப்பது தவறு. இயந்திர நிரல் கட்டமைப்புக்குக் கட்டமைப்பு முற்றிலும் வேறுபடுகிறது. சொற்றொடர்களும் நிலையான அட்டவணைகளும் மட்டுமே ஒன்றுபோல் இருக்கும். அவற்றைக் கூட எல்லாச் சுருக்க முறைகளும் கண்டுகொள்வதில்லை. ஜிப் கோப்பில் பயன்படும் டிஃப்ளேட் முறை, ஏற்கெனவே கடந்துவந்த 32 கேபி வரை மட்டுமே திரும்பிப் பார்க்கும். பல எம்பி தொலைவில் உள்ள அடுத்த பகுதியின் ஒற்றுமை அதன் கண்ணில் படாது. எக்ஸ்இசட் போன்ற, பெரிய அகராதியைக் கையாளும் முறைகள் அவ்வொற்றுமையைப் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

இயங்கும் கோப்பையே சுருக்கி, திறக்கும்போது தானே விரியச் செய்யும் யுபிஎக்ஸ் போன்ற கருவிகளும் உண்டு. தீய மென்பொருள்களும் இதே உத்தியைக் கையாள்வதால் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இத்தகைய கோப்புகளை ஐயத்துடன் பார்ப்பதுண்டு. வட்டில் மிச்சமாகும் இடத்துக்கு ஈடாக, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நேரமும் நினைவகமும் செலவாகின்றன.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களிலும் இதே சிக்கல்

என்விடியா நிறுவனத்தின் கிராபிக்ஸ் சிப்கள் தலைமுறைக்குத் தலைமுறை இயந்திர மொழியில் வேறுபடுகின்றன. எனவே பைடார்ச் போன்ற நிரலகங்கள் பல தலைமுறைகளுக்கான நிரலை ஒரே கோப்பில் சுமக்கின்றன. பைத்தான் மொழியின் பொதுக் களஞ்சியமான பைபிஐ, ஒரு கோப்புக்கு இயல்பாக அனுமதிக்கும் அளவு 100 எம்பி. கிராபிக்ஸ் சிப் ஆதரவு கொண்ட நிரலகங்கள் இவ்வரம்பைப் பன்மடங்கு தாண்டுகின்றன.

தம்மிடம் உள்ள சிப் எதுவென்று அறிந்தவர்கள், அதற்கு மட்டும் தொகுத்து அளவைக் குறைக்கலாம். ஏற்கெனவே தொகுத்த நிரலகத்திலிருந்து தேவையற்ற தலைமுறைகளை நீக்க என்விபுரூன் என்ற கருவியை என்விடியா வழங்குகிறது. எனினும் பிடிஎக்ஸ் எனப்படும் இடைநிலை நிரலை நீக்குவதில் கவனம் தேவை. எதிர்காலச் சிப் வந்தால், அந்த இடைநிலை நிரலைக் கொண்டுதான் இயக்கி மென்பொருள் புதிய நிரலை உருவாக்கிக்கொள்ளும். அது இல்லையெனில் பழைய மென்பொருள் புதிய சிப்பில் இயங்காது.

லினக்ஸ் தேர்ந்த வேறு பாதை

லினக்ஸ் உலகிலும் கொழுத்த பைனரியைக் கொண்டுவர 2009-இல் ஒரு முயற்சி நடந்தது. ஃபேட்எல்ஃப் என்ற அத்திட்டத்தை ரையன் கார்டன் என்ற மென்பொருளாளர் முன்வைத்தார். லினக்ஸ் மேம்பாட்டாளர்களிடையே ஆதரவு கிடைக்காததால் அதே ஆண்டில் அம்முயற்சி நின்றது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனிப் பொதிகளை வழங்குகின்றன. கணினிக்கு உரியதை நிறுவல் மென்பொருளே தேர்ந்தெடுப்பதால் கொழுத்த பைனரிக்குத் தேவை எழவில்லை.

மேகக் கணினிச் சேவைகளில் பயன்படும் டாக்கர் படிமங்களும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் ஒரு பட்டியல் உள்ளது. எந்தக் கட்டமைப்புக்கு எந்தப் படிமம் என்பது அதில் பதிவாகியிருக்கும். கேட்கும் கணினி தனக்குரியதை மட்டும் பதிவிறக்கிக்கொள்ளும். ஆப் பண்டில் முறையும் ஆப் ஸ்டோரின் வெட்டி அனுப்பும் முறையும் இதே கருத்தின் வேறு வடிவங்களே. வழங்கும் இடத்தில் எல்லாம் இருக்கலாம்; பெறும் இடத்துக்குத் தேவையானது மட்டும் செல்ல வேண்டும் என்பதே இவற்றின் பொதுக் கொள்கை.

பயனர்கள் செய்யக்கூடியவை

ஆண்ட்ராய்டு பயனர்கள் அதிகாரபூர்வச் செயலி அங்காடி வழியே நிறுவினால் உரிய பகுதி மட்டுமே வந்து சேரும். நண்பர்கள் அனுப்பும் ஏபிகே கோப்புகள் பெரும்பாலும் பொதுக் கோப்புகளாக இருப்பதால் அளவில் பெரியவை. பாதுகாப்பு நோக்கிலும் அவை தவிர்க்கத்தக்கவை. விஎல்சி போன்ற மென்பொருள்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே நேரடியாகப் பெறுவோர், கட்டமைப்புவாரியாக உள்ள கோப்புகளில் தமது கைபேசிக்கு உரியதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முன், இயங்குதளம் 32 பிட்டா 64 பிட்டா என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மேக் பயனர்கள், செயலியைத் தேர்ந்து அதன் தகவல் சாளரத்தைத் திறந்தால், அது யுனிவர்சல் வகையா, இன்டெல் வகையா, ஆப்பிள் சிலிக்கான் வகையா என்பது வகை என்ற இடத்தில் காட்டப்படும். தயாரிப்பாளர் தனித்தனிப் பதிப்புகளை வழங்கியிருந்தால், நிறுவிய செயலியை வெட்டுவதைவிட உரிய பதிப்பைப் பதிவிறக்குவதே பாதுகாப்பானது. இயங்குதளத்துக்குச் சொந்தமான கோப்புகளில் கைவைப்பது கூடாது.

சுருக்கமாக

• பல்கட்டமைப்புக் கோப்பின் அளவு பெருகுவதற்குக் காரணம் முழு நிரலும் கட்டமைப்புக்கு ஒரு முறை திரும்ப இடம்பெறுவது. இது ரேமைப் பாதிப்பதில்லை, சேமிப்பிடத்தையும் டேட்டாவையும் பாதிக்கிறது.

• வழங்கும் இடத்திலேயே பிரித்து, உரிய பகுதியை மட்டும் அனுப்புவது மிகச் சிறந்த வழி.

• பிழைதிருத்தத் தகவல், பயன்படாத நிரல், நிரலுக்குள் பதித்த தரவு ஆகியவற்றை நீக்கினால் எல்லாக் கட்டமைப்புகளிலும் ஒருசேர அளவு குறையும்.

• குறைப்பு முடிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு கட்டமைப்பிலும் சோதிக்க வேண்டும்.

• ஒரு கட்டமைப்பை நீக்குவதற்கு முன், அதனைச் சார்ந்திருப்போர் யார் என்று கேட்டுப் பார்ப்பது அவசியம். அளவு குறைந்த கோப்பு, பழைய கைபேசி வைத்திருப்பவருக்குக் கிடைக்காமலே போனால் குறைத்ததன் பயன் அவரைச் சென்றடையாது.